எங்கே பிடித்திருக்கிறது?

பழைய டிராக்டர் கைமாறும் இடங்களில் பேரத்தை அப்படியே முறித்துப்போடும் குறை ஒன்று உண்டு. டயர் தேய்ந்திருந்தால் விலையில் கழித்துக்கொள்ளலாம். ஹைட்ராலிக் தூக்கவில்லை என்றால் என்ன செலவாகும் என்று யாரையாவது கேட்டுக் கணக்குப் போடலாம். இன்ஜின் பிடித்திருக்கிறது, கிராங்க் சுற்றவில்லை என்று தெரிந்ததும் வாங்க வந்தவர் இரும்பு விலைக்குக் கேட்கிறார். விற்பவரோ, "சும்மா நின்னதுல பிடிச்சிருக்குங்க, டீசல் ஊத்தி ரெண்டு நாள் விட்டா வந்துரும்" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்பதை, இன்ஜினை முழுதாகப் பிரிக்காமலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்குத் தேவையானவை சில ஸ்பேனர்கள், ஒரு சாக்பீஸ், கொஞ்சம் இயற்பியல், நிறைய நிதானம்.

சுற்றாமல் நிற்பது அடையாளம் மட்டுமே. அதற்குக் காரணம் துருவாக இருக்கலாம், மிதமிஞ்சிய சூடாக இருக்கலாம், ஆயில் வறண்டதாக இருக்கலாம், சிலிண்டருக்குள் தேங்கிய தண்ணீராகவும் இருக்கலாம். இன்ஜினுக்குள் எந்தக் கோளாறும் இல்லாமல், வெளியே வேறொன்று அதைப் பிடித்து நிறுத்தியிருப்பதும் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, செலவு வேறு. துருவுக்குச் சரிவரும் வைத்தியம் உருகிய பேரிங்குக்கு ஒன்றும் செய்யாது. தண்ணீர் தேங்கிய சிலிண்டரைத் துரு என்று நினைத்துக் கட்டி இழுத்தால், நல்ல நிலையில் இருந்த கனெக்டிங் ராடு வளைந்துபோகும். பிடித்துப்போன இன்ஜின்களில் கணிசமானவை பிடித்ததால் கெட்டவை அல்ல, விடுவிக்கப் போனவர்களின் அவசரத்தால் கெட்டவை.

எண்களோடு பேசுவதற்கு ஒரு குறிப்பிட்ட இன்ஜினை எடுத்துக்கொள்ளலாம். 1959-இன் இறுதியில் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் மாஸி பெர்குசன் 35 டிராக்டருக்குள் பெர்கின்ஸின் 3.152 என்ற மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின் வந்து உட்கார்ந்தது. போர் 91.4 மி.மீ., ஸ்ட்ரோக் 127 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 2.5 லிட்டர், கம்ப்ரெஷன் விகிதம் 17.4:1. தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் சொந்தம் அல்ல. பெர்கின்ஸ் உரிமத்தில் சென்னை சிம்சன் நிறுவனம் இந்தக் குடும்பத்து மூன்று சிலிண்டர் இன்ஜின்களைச் செய்தது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, 35-இன் வழியில் வந்த 1035-ஐ அத்தகைய இன்ஜினோடு ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. மாடலுக்கு மாடல் அளவுகள் சற்று மாறும். பிடிக்கும் விதம் மாறுவதில்லை.

தொடக்கம் ஸ்பேனரில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றதா, நிறுத்தி வைத்த இடத்தில் பிடித்ததா? ஓட்டத்தில் நின்றது என்றால் சூடு, ஆயில் என்ற இரண்டு பக்கம் சந்தேகம் போகும். நல்லபடியாகக் கொண்டுவந்து நிறுத்திய வண்டி ஒரு மழைக்காலம் கழித்துச் சுற்றவில்லை என்றால் துரு அல்லது தண்ணீர். கடைசியாக ஓட்டியவர் யார் என்று தேடிப்பிடித்து, நிற்பதற்கு முன் என்ன சத்தம் கேட்டது, புகை எப்படி இருந்தது, திடீரென்று நின்றதா, இழுவை குறைந்து குறைந்து நின்றதா என்று கேட்பது அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். விற்பவரை விட டிரைவர் சொல்வதற்குத்தான் இங்கே மதிப்பு அதிகம்.

அடுத்தது, இன்ஜின் உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது. சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டக்', அதற்குமேல் அசைவில்லை என்ற நிலையில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் அப்படியே இருந்தால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை. கோளாறு சுவிட்ச், சாலினாய்டு, வயர் ஆகியவற்றில் தேட வேண்டியது. வெளிச்சம் படுத்துவிட்டால், பேட்டரி நல்லதாக இருக்கும்பட்சத்தில், செல்ஃப் மோட்டார் பெரும் மின்சாரத்தை இழுத்தும் சுற்ற முடியாமல் திணறுகிறது என்று பொருள். அப்போதும் குற்றவாளி இன்ஜின்தான் என்று சொல்லிவிட முடியாது. செல்ஃபின் பெண்டிக்ஸ் பல் பிளைவீல் ரிங் கியரில் கோணலாக மாட்டிக்கொண்டாலும் இதே அறிகுறிதான். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் செல்ஃபைக் கழற்றியதும் கிராங்க் கையோடு சுற்ற ஆரம்பித்த கதைகள் எல்லாப் பட்டறைகளிலும் உண்டு. கழற்றியதில் இன்னொரு லாபம், அந்தத் துளை வழியாக ரிங் கியரின் பற்களைப் பார்க்கலாம், நெம்புகோல் கொடுத்துப் பல் பல்லாக நகர்த்தவும் செய்யலாம்.

ஃபேன் பெல்ட்டையும் கழற்றிவிட வேண்டும். வாட்டர் பம்ப்போ டைனமோவோ இறுகியிருந்தால் அந்தச் சந்தேகம் அதோடு தீரும். கியர் நியூட்ரலில், பி.டி.ஓ. விடுபட்ட நிலையில், கிளட்சை மிதித்துப் பிடித்தபடி ஒருமுறை முயல வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியில் கிளட்ச் தட்டே பிளைவீலோடு துருவில் ஒட்டியிருப்பது சகஜம். அப்போது கியர்பாக்ஸில் உள்ள பிடிப்பு இன்ஜினின் தலையில் விழும்.

இனி டிப்ஸ்டிக். பால் கலந்த காப்பி நிறத்தில் ஆயில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு கோட்டுக்கு மேலே ஏறி நின்றால் தண்ணீரோ டீசலோ உள்ளே இறங்கியிருக்கிறது. ஆயில் சுத்தமாகத் தெரிந்தாலும் நம்பிவிட வேண்டாம். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. ஓடாமல் நின்ற இன்ஜினில் அது சம்ப்பின் அடியில் தனியாகப் படிந்துகிடக்கும், டிப்ஸ்டிக்கின் நுனி அதைத் தொடாது. சம்ப்பின் வடிகால் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் சொட்டுவது தண்ணீரா ஆயிலா என்பதில் விடை கிடைக்கும். சொட்டும் ஆயிலை வெள்ளைத் துணியில் ஏந்தி வெயிலில் பார்த்தால் மினுமினுக்கும் துகள்கள் இருக்கின்றனவா என்பதும் தெரிந்துவிடும். அந்த மினுமினுப்பு பேரிங்கிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் துடைத்துச் செல்லும் இடம் 834 கன செ.மீ. பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் காற்றுக்கு மிஞ்சுவது சுமார் 51 கன செ.மீ. மட்டுமே. காற்று நெருங்கிக் கொடுக்கும், தண்ணீர் நெருங்காது. ஆக 51 மில்லிக்கு மேல் தண்ணீர் சிலிண்டருக்குள் இருந்தால், அதாவது டீக்கடை டம்ளரில் பாதி அளவு இருந்தால், வால்வுகள் இரண்டும் மூடிய கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சியை எட்டவே முடியாது. பெட்ரோல் இன்ஜினில் இந்த இடைவெளி பெரியது என்பதால் கொஞ்சம் தண்ணீரைத் தாங்கும். டீசல் இன்ஜின் தாங்காது. செல்ஃபில் மெதுவாகச் சுற்றி முட்டி நின்றால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். மற்ற இரண்டு சிலிண்டர்கள் பற்றிக்கொண்ட வேகத்தில் மூன்றாவது தண்ணீரில் மோதினால் வளைவது கனெக்டிங் ராடு.

அதனால்தான் விவரமறிந்த மெக்கானிக்குகள் பிடித்த டீசல் இன்ஜினைச் சுற்றிப் பார்க்கும் முன் மூன்று நாசில்களையும் கழற்றிவிடுகிறார்கள். கம்ப்ரெஷன் விடுபடும், தண்ணீர் இருந்தால் வெளியேற வழி கிடைக்கும். அப்போது துளைகளுக்கு நேராக முகத்தை வைக்கக் கூடாது. துருத் தண்ணீர் பீறிட்டு வரும். வந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட், விரிசல் விட்ட ஹெட் என்று அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் நிறைந்திருந்தால் மழைநீர். அதற்கு வழி, மேல்நோக்கி நிற்கும் சைலன்சர் குழாய்.

மூடி இல்லாத சைலன்சர் செய்யும் கேடு பலருக்குத் தெரிவதில்லை. நான்கு ஸ்ட்ரோக் சுழற்சி 720 டிகிரி. அதில் எக்ஸாஸ்ட் வால்வு 230 டிகிரியை ஒட்டித் திறந்திருக்கும். மூன்று சிலிண்டர்களும் 240 டிகிரி இடைவெளியில் முறைவைத்து இயங்குகின்றன. கூட்டிப் பார்த்தால், இன்ஜின் எந்த நிலையில் வந்து நின்றாலும் கிட்டத்தட்ட எப்போதும் ஏதோ ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்தே நிற்கிறது. ஐப்பசி மழையில் குழாய்க்குள் இறங்கும் தண்ணீருக்கும், மழையில்லாத நாளில் நுழையும் ஈரக்காற்றுக்கும் அந்தச் சிலிண்டர் திறந்த வீடு. ஒரே இன்ஜினில் இரண்டு சிலிண்டர் பளபளப்பாகவும் ஒன்று மட்டும் துருவேறியும் இருப்பதன் காரணம் இதுதான். குழாய் வாயில் ஒரு தகர மூடியையோ கவிழ்த்த டப்பாவையோ வைத்திருந்தால் பல இன்ஜின்கள் பிழைத்திருக்கும்.

மழை நேரடியாக விழாவிட்டாலும் துரு வரும். இரும்பு துருப்பிடிக்கும் வேகம் காற்றின் ஈரப்பதம் ஏற ஏறச் சீராகக் கூடுவதில்லை. ஒரு வரம்பைத் தாண்டியதும் திடீரென்று எகிறுகிறது என்று 1930-களில் பிரிட்டிஷ் வேதியியலாளர் வெர்னன் காட்டினார். வரம்பு 60 சதவீதத்தை ஒட்டியது. கந்தக டை ஆக்ஸைடு கலந்த காற்றில் நிலைமை இன்னும் மோசம் என்பதும் அவர் கண்டதுதான். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோரப் பகுதிகளில் காலை ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி அந்த வரம்புக்கு மேலேதான் இருக்கிறது. பழைய டீசல் புகையின் கந்தகமோ சிலிண்டர் சுவரிலேயே படிந்திருக்கிறது. பகலில் பிளாக் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும், இரவில் குளிரும்போது ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படும். நின்ற இன்ஜினும் நாளுக்கு ஒருமுறை மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

துரு வெறும் அழுக்காக இருந்திருந்தால் இன்ஜின் பிடிக்காது. இரும்பு ஆக்ஸைடாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது, தண்ணீரும் சேர்ந்தால் இன்னும் கூடும். வார்ப்பிரும்பு ரிங்கும் வார்ப்பிரும்பு லைனரும் உரசி நிற்கும் இடத்தில் இடைவெளி என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. அங்கே துரு பெருகினால் அது ஆப்பாக இறங்குகிறது. ரிங்குகளுக்குக் கீழே சுவரில் ஆயில் படலம் இருப்பதால் துரு குறைவு. மேலே, பிஸ்டன் தலைக்கு மேல் வெறிச்சோடிய சுவரில் துரு தடித்து நிற்கும். இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. துருவில் பிடித்த பிஸ்டனை முதலில் கீழ்நோக்கி அசைக்க வேண்டும். மேலே தள்ளினால் ரிங் அந்தத் துருப் பட்டையில் ஏறி உடையும்.

சூட்டில் பிடிப்பது முற்றிலும் வேறு கதை. பிஸ்டன் அலுமினியக் கலவை, லைனர் வார்ப்பிரும்பு. 100 டிகிரி கூடுதல் சூட்டுக்கு 91.4 மி.மீ. அலுமினியம் கிட்டத்தட்ட 0.2 மி.மீ. விரியும், அதே அளவு வார்ப்பிரும்பு அதில் பாதிதான் விரியும். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் வைத்துத்தான் பிஸ்டனுக்கும் லைனருக்கும் இடைவெளி விட்டிருக்கிறார்கள். பெல்ட் அறுந்தோ, ரேடியேட்டர் முகத்தில் வைக்கோல் தூசி அடைத்தோ, தண்ணீர் ஒழுகித் தீர்ந்தோ போனால் அந்த இடைவெளி மறைகிறது. பிஸ்டன் ஆயில் படலத்தைக் கிழித்துக்கொண்டு சுவரில் தேய்கிறது, அலுமினியம் சுவரில் இழுபட்டு ஒட்டுகிறது. ஓட்டியவர் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: உழுதுகொண்டிருக்கும்போது வண்டி இழுக்கவில்லை, ஆக்சிலேட்டர் கொடுத்தும் திணறியது, தானாக நின்றது.

இப்படி நின்ற இன்ஜின் ஆறியதும் சில சமயம் தானே விட்டுவிடும். பிஸ்டன் சுருங்கியதும் பிடி தளர்வதுதான் காரணம். விட்டுவிட்டதே என்று மறுநாள் உழவுக்குக் கொண்டுபோனால், கீறல் விழுந்த சுவர் வழியாகக் கம்ப்ரெஷன் கசியும், ஆயில் ஊற்றும் வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வரும், ஆயில் எரிந்து குறையும். பழைய வண்டி வாங்குகிறவர் ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பது இதற்காகத்தான். சூட்டில் நின்ற இன்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் வழக்கத்தில் இருக்கிறது. சூடான வார்ப்பிரும்பு ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கினால் விரிசல் விடும். சரிசெய்யக்கூடிய வேலை பிளாக்கே போன வேலையாகிவிடும்.

ஆயில் இல்லாமல் பிடிப்பது எல்லாவற்றிலும் கொடியது. அது ஏன் என்று புரிய 1880-களின் லண்டனுக்குப் போக வேண்டும். ரயில் அச்சுகளின் உராய்வைப் பற்றி இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காகச் சோதனை செய்துகொண்டிருந்தார் பியூசாம்ப் டவர். பேரிங்கின் மேற்புறத்தில் ஆயில் விட ஒரு துளை போட்டார். அச்சு சுற்றத் தொடங்கியதும் துளை வழியாக ஆயில் உள்ளே போவதற்குப் பதில் பொங்கி வெளியே வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதுவும் வெளியேறியது. அழுத்தமானியை மாட்டியபோது முள் அதன் எல்லையான சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிப் போனது. பேரிங் தாங்கிய சராசரிச் சுமை அதில் பாதிதான். சுழலும் அச்சு தன்னோடு ஆயிலை இழுத்துக்கொண்டு போய் ஆப்புபோல் குறுகும் இடுக்கில் திணிக்கிறது, அந்த அழுத்தத்தின் மேல் அச்சே மிதக்கிறது என்று 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணித வடிவில் விளக்கினார்.

டிராக்டரின் கிராங்கும் அப்படித்தான் மிதக்கிறது. பேரிங்கில் விட்டிருக்கும் மொத்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் பங்கு, சுமை விழும் இடத்தில் ஆயில் படலத்தின் தடிமன் அதிலும் சிறு பகுதி. படலம் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. ஆயில் தீர்ந்தாலோ, பம்ப் உறிஞ்சும் வலை சகதியில் அடைத்தாலோ படலம் மறைகிறது. அதன்பின் நடப்பதைக் கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் ஆராய்ந்து 1950-இல் நூலாக்கினார்கள். கண்ணாடிபோல் மெருகேற்றிய உலோகப் பரப்புகளும் உண்மையில் தொட்டுக்கொள்வது நுண்ணிய மேடுகளின் உச்சிகளில் மட்டுமே. முழுச் சுமையும் அந்தச் சில புள்ளிகளில் விழுவதால் அவை நசுங்கி ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்கின்றன. அச்சு நகரும்போது ஒட்டியவை கிழிகின்றன, கிழிந்த துணுக்கு பக்கத்துப் புள்ளியில் ஒட்டுகிறது, சூடு பெருகுகிறது. பேரிங்கின் மென்மையான உலோகப் பூச்சு உருகி வழிகிறது. கடைசியில் ஷெல்லே கிராங்கோடு சேர்ந்து சுற்றத் தொடங்கிவிடும். முன்னறிவிப்பாக அடியிலிருந்து 'தொக் தொக்' என்ற கனத்த தட்டல் வரும், ஆயில் அழுத்த முள் கீழே விழுந்திருக்கும். பிறகு இன்ஜின் வெட்டி நிறுத்தியதுபோல் நிற்கும்.

நாசில்கள் வெளியே, செல்ஃப் வெளியே, பெல்ட் வெளியே என்றான பிறகுதான் கிராங்க் புல்லி நட்டில் சாக்கெட்டைப் போடும் நேரம் வருகிறது. விசை மெல்லக் கொடுக்க வேண்டும். நோக்கம் சுற்றுவது அல்ல, எங்கே எப்படி நிற்கிறது என்று அறிவது. புல்லியிலும் அதற்கு எதிரே பிளாக்கிலும் சாக்பீஸால் ஒரு கோடு. முன்பக்கம் சுற்றி முட்டும் இடத்தில் ஒரு குறி, பின்பக்கம் சுற்றி முட்டும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது பெரிய துப்பு.

நாசிலைக் கழற்றாத நிலையில் கை விசையில் மெதுவாகச் சுற்றிப் பார்த்தவருக்கு, ஏறக்குறைய முழுதாக இரண்டு சுற்று தாராளமாகப் போய் ஒரே இடத்தில் முட்டுகிறது என்றால் சிலிண்டரில் தண்ணீர். இரண்டு சுற்றில் ஒருமுறைதான் அந்தச் சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் மூடி, பிஸ்டன் மேலே ஏறுகிறது; மற்ற முறை எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருப்பதால் தண்ணீர் விலகி வழிவிடும். முட்டிய இடத்தில் அழுத்திப் பிடித்தால் ரிங் இடுக்கு வழியாகத் தண்ணீர் மெல்லக் கசிந்து, கிராங்க் இழையளவு விட்டுக்கொடுப்பதும் கையில் தெரியும். ஒரு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகப் போய் இரும்பில் இரும்பு மோதும் 'டிக்' சத்தத்தோடு நின்றால், பிஸ்டன் ஒவ்வொரு முறை உச்சிக்கு வரும்போதும் எதிலோ இடிக்கிறது: உள்ளே விழுந்த நட், உடைந்த ரிங் துண்டு, துருவில் திறந்தபடி சிக்கிக்கொண்ட வால்வு. ராக்கர் கவரைத் திறந்தால் சிக்கிய வால்வு எது என்பது அதன் ஸ்பிரிங் உயரத்திலேயே தெரிந்துவிடும். கொஞ்ச தூரம் மட்டும் போய், போகப் போக இறுகி, சொரசொரவென்று நின்றால் துருப் பட்டை. ஒரு பல் இடைவெளி அளவுகூட அசையவில்லை, இரண்டு பக்கமும் பாறைபோல் நிற்கிறது என்றால் பேரிங்கோ நன்றாக ஒட்டிப்போன பிஸ்டனோ.

அந்தக் கடைசி நிலையில் எது என்று பிரித்தறிய சம்ப்பை இறக்க வேண்டும். கனெக்டிங் ராடு மூடிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் கிராங்கை அசைத்துப் பார்க்கிறார்கள். இரண்டாவது மூடியைத் தளர்த்தியதும் கிராங்க் விட்டது என்றால் பிரச்சினை இரண்டாவது சிலிண்டரின் வரிசையில். அங்கே ஷெல் நன்றாக இருந்தால் பிஸ்டன்தான் பிடித்திருக்கிறது. மூன்றையும் விடுவித்தும் கிராங்க் அசையாவிட்டால் மெயின் பேரிங். மூடிகளை எந்த ராடுக்கு எது, எந்தப் பக்கம் எது என்று குறியிட்டே கழற்ற வேண்டும். ராடும் மூடியும் சேர்த்துக் குடையப்பட்டவை. மாற்றிப் பொருத்தினால் துளை வட்டமாக இராது, புதிதாகப் போட்ட பேரிங்கும் பிடிக்கும்.

இத்தனை பொறுமை எதற்கு, இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்தால் ஒரு நொடியில் விடாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நட்டில் ஒரு மீட்டர் குழாயை மாட்டி 50 கிலோ எடை கொடுத்தாலே சுமார் 490 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இந்த இன்ஜின் முழு மூச்சில் உழும்போது தருவதைப் போல அது ஏறத்தாழ மூன்று மடங்கு. கிராங்கின் ஆரம் 63.5 மி.மீ. மட்டுமே என்பதால், ஸ்ட்ரோக்கின் நடுவில் நிற்கும் பிஸ்டனின் மேல் அது கிட்டத்தட்ட 790 கிலோ விசையாக விழுகிறது. பிஸ்டன் உச்சியை நெருங்கி நின்றால் இன்னும் பல மடங்கு. ஒரு மனிதனின் எடைக்கே இது. ஒன்றரை டன்னை நெருங்கும் வண்டியை உருட்டிக்கொண்டுபோய்க் கிளட்சைப் படாரென்று விட்டால் என்னவாகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய நஷ்டம், இழுக்கும்போது எந்தத் தகவலும் கிடைப்பதில்லை. ஸ்பேனர் பிடித்த கைக்குத் தெரியும் இறுக்கம், கசிவு, மோதல் எதுவும் கயிற்றின் மறுமுனைக்குத் தெரியாது.

துருதான் என்று உறுதியானால் விற்பவர் சொன்ன டீசல் வைத்தியத்தில் அறிவியல் இருக்கிறது. நுண்ணிய இடுக்கில் திரவம் தானாக ஊர்ந்து செல்லும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1921-இல் வாஷ்பர்ன் காட்டினார். இரண்டு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு நேரம். முதல் ரிங்கைத் தாண்ட ஒரு நாள் ஆனால், மூன்று மடங்கு ஆழத்தில் இருப்பதை எட்ட ஒன்பது நாள். இரண்டு நாளில் விடவில்லை என்று சுத்தியலை எடுப்பவர்கள் இந்தக் கணக்கை அறியாதவர்கள். திரவம் எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது. இன்ஜின் ஆயிலைவிட டீசலின் பாகுநிலை முப்பது மடங்கு வரை குறைவு. அதனால்தான் கெட்டியான ஆயிலை ஊற்றிக் காத்திருப்பதில் பயன் குறைவு. அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் கலந்து ஊற்றுபவர்களும் உண்டு. அது இன்னும் வேகமாக ஊடுருவும், எளிதில் தீயும் பிடிக்கும். வெல்டிங் நடக்கும் பட்டறையில் அதைத் திறந்து வைப்பது ஆபத்து.

ஊறும் நாட்களில் தினமும் ஒருமுறை நட்டில் மிதமான விசை கொடுத்து, முன்னும் பின்னும் அசைத்துவிட வேண்டும். நேற்றைய சாக்பீஸ் குறியைவிட இன்று ஓர் இழை கூடுதலாகப் போனால் வழி திறக்கிறது என்று அர்த்தம். வாரக்கணக்கில் ஒரு முன்னேற்றமும் இல்லை என்றால் ஹெட்டைக் கழற்றிவிடுவது மேல். மேல்நாட்டுப் பழைய டிராக்டர் ஆர்வலர்கள் நாசில் துளை வழியாகக் கிரீஸ் கன்னால் கிரீஸை ஏற்றிப் பிஸ்டனைக் கீழே தள்ளும் முறையையும் கையாளுகிறார்கள். இந்தப் பிஸ்டனின் பரப்பு 65 சதுர செ.மீ.-க்குச் சற்று அதிகம். சதுர செ.மீ.-க்கு 100 கிலோ அழுத்தம் கொடுத்தால் ஆறரை டன் விசை, அதுவும் அடிபோல் விழாமல் சீராக. வால்வுகள் இரண்டும் மூடியிருக்க வேண்டும், பிஸ்டன் உச்சியில் நிற்கக் கூடாது. ஹெட் கேஸ்கெட் தாங்குமா என்பதையும் நினைத்துப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

கிராங்க் விட்டுவிட்டால் உடனே செல்ஃப் அடிக்கக் கூடாது. சம்ப்பில் இறங்கியிருக்கும் டீசல் ஆயிலை நீர்க்கச் செய்திருக்கும். அந்த ஆயிலில் டவர் கண்ட படலம் உருவாகாது, துருவில் தப்பித்த இன்ஜின் பேரிங்கில் மாட்டிக்கொள்ளும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, நாசில்கள் இல்லாமலே அழுத்த முள் எழும்வரை சுற்றவிட்டு, பிறகு மூன்று சிலிண்டர்களின் கம்ப்ரெஷனையும் அளந்து ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் துரு தின்ற சிலிண்டர் அதுவே. தண்ணீரில் முட்டிய இன்ஜினாக இருந்தால் ஹெட்டை எடுத்து மூன்று பிஸ்டன்களின் உச்சி உயரத்தை டயல் கேஜால் ஒப்பிட வேண்டும். வளைந்த ராடு தன் பிஸ்டனை மற்ற இரண்டைவிடத் தாழ்த்திக் காட்டும்.

விலை பேசுகிறவருக்கு இதெல்லாம் ரூபாயாக மாறும் இடம் ஒன்று உண்டு. துருவோ சூடோ தின்ற லைனர், பிஸ்டன், ரிங் மூன்றும் செட்டாகக் கடையில் கிடைக்கின்றன. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கிராங்குக்கு அந்த வசதி இல்லை. பேரிங் பிடித்துக் கீறிய கிராங்கைக் கிரைண்டிங் செய்து, அதற்கேற்பத் தடித்த ஷெல் போடுகிறார்கள்: அங்குலத்தில் ஆயிரத்தில் 10, பிறகு 20, பிறகு 30. வழக்கமாக அதோடு சரி. முன்பு எத்தனை முறை கிரைண்டிங் ஆகியிருக்கிறது என்பதை விற்பவர் சொல்ல வேண்டியதில்லை. சம்ப்பை இறக்கி ஒரு மூடியைக் கழற்றினால் ஷெல்லின் முதுகில் அளவு அச்சிட்டிருக்கும். அங்கே ஸ்டாண்டர்டு என்றிருந்தால் பேரிங் பிடித்த வண்டிக்கும் நல்ல விலை கொடுக்கலாம். 30 என்றிருந்தால் புதுக் கிராங்கின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டே பேரத்தைத் தொடங்க வேண்டும்.